உப்பு ரொட்டி

வெங்காயத் தோல் வேண்டும் என்றாள் ஹஸ்மிக்.
பழைய மார்க்கெட் மூட்டைக்காரர்
சும்மாவே ஒரு சாக்கு அள்ளித் தந்தார்.
"மாட்டுக்கா?" என்றார்.
"முட்டைக்குங்க" என்றேன்.
மேலே எதுவும் கேட்கவில்லை.

சாயப்பட்டறை லேபில் பதினோரு வருடம்.
சிவப்பில் மட்டும் நாற்பத்தேழு சிவப்பு தெரியும் எனக்கு.
இதில் பழுப்புதான் ஏறும் என்று அடித்துச் சொன்னேன்.
நாமக்கல் முட்டை ஒரு அட்டை, முப்பது.
தோலோடு வேகவைத்து
விடிய விடிய ஊறவிட்டாள்.
ஏறியிருந்தது, பழுத்த மிளகாய் மாதிரி.
வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தேன்;
கறை இல்லை.

ஈஸ்டர் நோம்பிக்கு
முட்டையோடு முட்டை மோத வேண்டுமாம்.
காங்கேயம் ரோடு காம்பவுண்டில்
எட்டு வீட்டு முட்டையையும் உடைத்தது
ரங்காத்தாள் கைமுட்டை.
வாடகை வாங்கும் கை. தோற்றுப் பழக்கமில்லை.

ஹஸ்மிக் என்றால் மல்லிகையாம்.
சத்தியிலிருந்து வந்திறங்கும் அவள் பெயரை
பஸ் ஸ்டாண்டில் முழம் போட்டு விற்கிறார்கள்.
அவளோ பனியன் தையலில் பிசிறு தேட
யெரெவானிலிருந்து வந்தவள்,
இரண்டு வருட ஒப்பந்தத்தில்.

மாசி முதல் நாள் முற்றத்தில் தீ மூட்டினாள்.
புதுசாய்க் கட்டிக்கொண்டவர்கள்
கைகோத்துத் தாண்ட வேண்டும்.
மாடி வீட்டுத் துளசிமணியும் யுவராணியும்
வெட்கத்தோடு தாண்டினார்கள்.
வேட்டி நுனி கொஞ்சம் கருகியது.
பண்ணாரியில் மூன்று முறை குண்டம் இறங்கிய ரங்காத்தாள்
எட்டிப் பார்த்தார்:
"இதென்ன நெருப்பு கண்ணு,
வெந்நி வைக்கக்கூடப் பத்தாது."

ஏப்ரல் இருபத்துநான்குக்கு மட்டும்
யாரையும் கூப்பிடவில்லை.
காலரில் ஊதா நூலால் ஒரு சின்னப் பூ தைத்துக்கொண்டு
வேலைக்கு வந்தாள்.
அன்றைக்கு ஒரு பீஸையும் அவள் தள்ளவில்லை.
எதற்கான பூ என்று நான் கேட்டது
ஒரு வாரம் கழித்து.
அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

ஆடியில் ஒரு ஞாயிறு,
எதிரில் வருகிறவர் தலையில் தண்ணீர் ஊற்றும் நோம்பி.
போலீஸ்காரர், பாதிரியார், பல் இல்லாத குழந்தை,
அங்கே யாரும் கோபிக்கக் கூடாதாம்.
மாடியிலிருந்து ஒரு வாளி முழுதாய்
ரங்காத்தாள் தலையில் விழுந்தது.
காம்பவுண்டே மூச்சை நிறுத்தியது.
எங்களுக்குக் குழாய் திறப்பது ஒன்பது நாளுக்கு ஒருமுறை.
ரங்காத்தாள் முந்தானையைப் பிழிந்தார்,
குரோட்டன்ஸ் தொட்டிக்குள் பார்த்துப் பிழிந்தார்.
"இது எட்டாம் நாள் தண்ணி கண்ணு."
அவ்வளவுதான்.
ஹஸ்மிக் படியில் உட்கார்ந்தவள்
வெயில் சாயும்வரை எழவில்லை.

மறுநாள் விடியக்காலம் மூன்று மணி, குழாயில் சத்தம்.
குடங்களுக்கு முன்னால் ரங்காத்தாள் நிரப்பியது ஒரு சொம்பு.
படியேறிப் போய்க் கதவைத் தட்டி,
தூக்கக் கலக்கத்தில் திறந்தவள் உச்சியில் கவிழ்த்தார்.
"ஆச்சா? இப்ப முடிஞ்சுது உன்ற நோம்பி."

ஆவணியில் திராட்சை.
மந்திரிக்கும் முன் தின்னக் கூடாதென்று
தொண்டாமுத்தூர் பழம் இரண்டு கிலோ
அவள் மேசையில் காத்துக் காத்துச் சுருங்கியது.

மார்கழியில் ஒப்பந்தம் முடிந்து சிட்டகாங் போனாள்.
எனக்கு வைத்துவிட்டுப் போனது
டப்பாவில் ஒரே ஒரு ரொட்டி, முழுக்க உப்பு.
தையில் ஒரு ராத்திரி தின்றுவிட்டு
சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் படுக்க வேண்டும்.
கனவில் யார் தண்ணீர் தருகிறார்களோ
அவர்களோடுதான் வாழ்க்கை.

உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.
கழிவுநீர் காய்ந்து மிஞ்சிய உப்பு
கொட்டகை கொட்டகையாய்க் கிடக்கிறது,
வாங்க ஆளில்லாமல்.
இருந்தும் அந்த ரொட்டி நாக்கை அறுத்தது.

போன வாரம் தின்றேன்.
கனவு வந்தது, பொய் சொல்லவில்லை.
நொய்யல் பாலத்தடியில் நிற்கிறேன்.
தொண்டை சுண்ணாம்பாய்க் காய்கிறது.
ஒரு கை சொம்பை நீட்டுகிறது.
முகம் தெரியவில்லை, கைதான் தெரிந்தது:
முழங்கைவரை நீலம் ஏறிய கை.
வாங்கப் போனேன்.

தெருவில் தண்ணி லாரி ஹாரன்.
ரங்காத்தாள் என் கதவைத் தட்டுகிறார்,
"குடத்தை எடுத்துட்டு வா சாமி, வரிசை போயிரும்."